வெளிக்குத் துணை

என் பச்சையம்மா அக்காவுக்கு,

உன் வாய்க்கும் உன் வயிற்றுக்கும் எட்டு வருஷம் சேர்ந்தாற்போல வாழ்க்கைப்பட்ட அலமேலு எழுதுகிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க வழியில்லை. நாங்கள் இருக்கிறோம். கிணற்றுக்கு மின்சார மோட்டார் வந்துவிட்டது. உன் மகள் தனத்தை வளவனூரில் கொடுத்திருக்கிறோம், உன் தாய்வீட்டுக்கு அடுத்த தெரு. மாப்பிள்ளை நல்ல மாதிரி. உன் வீட்டுக்காரரைப் போலவே நாலு கேட்டால் ஒன்றுக்குப் பதில் சொல்வார். உன் டைம்பீஸ் இன்னும் ஓடுகிறது. ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் பிந்தும், அவ்வளவுதான்.

முதலில் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். உனக்குச் செய்து கொடுத்த சத்தியத்தைப் போன வெள்ளிக்கிழமை மீறிவிட்டேன். நம் இருவரையும் தவிர யாருக்கும் தெரியக் கூடாது என்று நீ சொன்ன உன் வயிற்றுக் கதையை, பனமலையில் ஓர் ஆம்பிளைக்கு எதிரே உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று கேட்டுவிட்டு அப்புறம் திட்டு. திட்டுவதற்கு உனக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

பனமலையில் என் அம்மா வீட்டுத் தெருவில் கோவிந்தன் என்று ஒருவன். கூரைக்கு ஓலை வெட்டப் பனை ஏறி, மேலிருந்து விழுந்துவிட்டான். உயிர் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. அவன் பெண்சாதி தெய்வானை விழுப்புரம் வந்து, திண்டிவனம் வந்து, மறுபடியும் பஸ் மாறிக் கிளியனூரில் நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். “அக்கா, அவரு சாப்பாட்டையே தொட மாட்டேங்கிறாரு. வாயைக் கட்டிக்கினு சுவத்தைப் பாத்துப் படுத்துக்கினு இருக்காரு” என்றாள். அந்தச் சுவர் எனக்குத் தெரியும், அக்கா.

அவளோடு மறுநாளே கிளம்பினேன். பஸ்ஸில் போகிற வழியெல்லாம் நமக்குள் பேச்சு நின்றுபோன நாளிலிருந்துதான் யோசித்துக்கொண்டு போனேன். அங்கேதானே எல்லாம் ஆரம்பம்.

அண்ணனுக்கு நீ, தம்பிக்கு நான். நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் உன்னை ‘நீங்க, வாங்க’ என்றுதான் கூப்பிடுவேன். பயம். உன் நாக்குக்குத் தெருவே பயந்தது. ஆனால் விடிவதற்கு முன்னால் என் காலைத் தட்டி, “ஏ பொண்ணு, வெளிக்கு வர்றியா?” என்று நீ கேட்கும்போது மட்டும் உன் குரல் வேறு மாதிரி இருக்கும். நம் ஊரில் பெண்பிள்ளைகள் அதற்குத் தனியாகப் போவதில்லை. இரண்டு பேராக ஏரிக்கரைப் புதர்ப்பக்கம் போய், வெளிச்சம் வருவதற்குள் திரும்பிவிட வேண்டும். அந்த நேரத்தை விட்டால் பொழுது சாய்கிற வரைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். ஆம்பிளைகளுக்கு இது தெரியாது. அவர்களுக்கு எந்த நேரமும் வெளிதான்.

எனக்கு அப்போது ஐந்தாம் மாசம். ஒரு நாள் கண்ணைத் திறந்தால் நன்றாக விடிந்திருக்கிறது. நீ எதிர்வீட்டு அஞ்சலையோடு போய்த் திரும்பி வந்து வாசல் தெளித்துக்கொண்டிருக்கிறாய். என்னைக் கூப்பிடவே இல்லை. அன்றைக்கு நான் பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் வேர்க்கிறது. சோறு வேண்டாம், தண்ணீர் வேண்டாம் என்று ஒரு மூலையில் காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருட்டியதும் தனியாக ஓடினேன், அழுதுகொண்டே. அன்றைக்கு நிறுத்தினதுதான் உன்னோடு பேச்சு.

ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு இரண்டு வருஷம் பேசாமல் இருந்தோமே, எப்படி முடிந்தது நமக்கு? முடியவில்லை. அதனால்தான் மாட்டிடம் பேசினோம். “ஏ லட்சுமி, கொழம்புக்கு உப்பு போட்டாச்சாம். மறுபடியும் போட்டுறப் போறாங்க” என்று நான் கொட்டகைப் பக்கம் திரும்பிச் சொல்வேன். “எங்களுக்கும் நாக்கு இருக்குதுன்னு சொல்லு லட்சுமி” என்று நீ சொல்வாய். என் பையன் பிறந்தபோது நீதான் அவனைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினாய். அப்போதும், “உங்கம்மாவ ஜல்தியா துணிய எடுத்தாரச் சொல்லுடா” என்று பிறந்து எட்டு நாள் ஆனவனிடம்தான் சொன்னாய்.

மல்லாட்டை பிடுங்கி, கடலையை மூட்டை கட்டி முடித்த மாசம் அது. திண்டிவனம் மண்டிக்குப் போகிற வண்டியில், மூட்டைகளுக்கு மேலே நீ உட்கார்ந்து போனாய். ஏரிக்கரை மேட்டில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி வண்டி சாய்ந்தது. முதலில் நீ விழுந்தாய். உன்மேல் ஒரு மூட்டை விழுந்தது. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் இரண்டு மாசம் வைத்திருந்தார்கள். முதுகுத்தண்டுக்குள் ஓடுகிற நரம்பு நசுங்கிவிட்டது, கால் இனிமேல் வராது என்று டாக்டர் உன் வீட்டுக்காரரிடம் சொன்னார். அவர் வராந்தாவில் வந்து உட்கார்ந்தவர் சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

கால் போனது எல்லோருக்கும் தெரிந்தது. கூடவே இன்னொன்றும் போய்விட்டது என்பதை ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புகிற அன்றைக்கு நர்ஸம்மாதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். “காலு மட்டும் இல்லம்மா, குடலும் சோம்பிப் போயிடும். மூளையிலேர்ந்து அதுக்கு சேதி போவாது. நாமதான் அதுக்கு நேரத்தைப் பழக்கணும். காலையில சூடா எதனா சாப்பிட வைங்க. வயித்துல சோறு விழுந்தா குடலு கொஞ்சம் தானா அசையும், அந்த அரை மணி நேரத்தை விட்றாதீங்க. வெதுவெதுன்னு தண்ணி குடுங்க. கையில எண்ணெய் தொட்டுக்கினு வயித்தைத் தேய்ச்சு விடுங்க. கேப்பை அரைக்கிற எந்திரத்தைச் சுத்துவீங்க இல்ல, அது மாதிரி மெதுவா, நிக்காம. கடிகாரம் போற பக்கம். அப்புறம் படுக்க வைக்காதீங்க, உக்கார வைங்க. வந்தாலும் வரலைன்னாலும் தெனம் அதே நேரம். பேதிக்கு மட்டும் குடுத்துடாதீங்க” என்றார்.

எந்திரம் என்ற சொல் காதில் விழுந்ததுமே என் கைக்குப் புரிந்துவிட்டது. அதற்கு மேலே அவர் சொன்னதை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. எட்டாவது வரைக்கும் படித்தவள், கடிகாரம் எனக்குத் தெரியாதா என்ற திமிர் வேறு.

வீட்டுக்கு வந்தோம். யார் செய்வது என்று யாரும் கேட்கவில்லை. வீட்டில் இன்னொரு பொம்பளை நான்தானே. உன் வீட்டுக்காரர் உன்னைத் தூக்கி உட்கார வைப்பார், வெளியே போய்விடுவார். மற்றதெல்லாம் என் கை. நீ அந்த நேரம் முழுக்கக் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாய். நான் கூரையைப் பார்த்துக்கொள்வேன். பேச்சு கிடையாது. லட்சுமி கொட்டகையில் இருந்தது, சேதி சொல்லி அனுப்பக்கூட நடுவில் ஆள் இல்லை. ஒரு மாசம் இப்படிச் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். ஒரு நாள் வரும், மூன்று நாள் வராது. நேரம் என்று ஒன்று அமையவே இல்லை.

அப்போதுதான் அஞ்சலை பேதி மாத்திரையோடு வந்தாள். வருஷத்துக்கு இரண்டு தடவை ஊரே பேதிக்குச் சாப்பிடுகிறது, இவளுக்குக் கொடுத்தால் என்ன என்றாள். நர்ஸம்மா வேண்டாம் என்று சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இருந்தும் தலையாட்டினேன். எனக்குக் கை வலித்தது, அக்கா. ஒரு நாளாவது தேய்க்காமல் இருக்கலாமே என்று இருந்தது.

விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் போயிற்று. போவதே உனக்குத் தெரியவில்லை, வாடை மட்டும்தான் தெரிந்தது. வீட்டில் இருந்த பாயெல்லாம் தீர்ந்து, சாக்கை விரித்தேன். உன்னைப் பார்ப்பதற்கென்று வளவனூரிலிருந்து வந்த உன் சித்தப்பா வீட்டார் நிலைப்படியில் நின்று, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, “அப்புறம் வர்றோம்மா” என்று போனார்கள். அதை நீ பார்த்தாய். அன்று சாயங்காலம்தான் சுவர்ப்பக்கம் திரும்பினாய்.

அதற்குப் பிறகு நீ சாப்பிடவில்லை. அரை டம்ளர் கஞ்சி, அதுவும் தனம் அழுதால். தண்ணீர் உதட்டை நனைக்க மட்டும். ஊரில் எல்லோரும் மனசு உடைந்துபோய்ச் சாப்பிடவில்லை என்றார்கள். எனக்கு மட்டும் தெரியும். சாப்பிட்டால் வரும், வந்தால் நான் வர வேண்டும், அதற்காகத்தான் நீ வாயைக் கட்டினாய்.

இதை நான் உன்னிடம் எட்டு வருஷமும் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். நீ சாப்பிடாமல் கிடந்த நாட்களில் எனக்கு நிம்மதியாக இருந்தது. உன் தட்டில் மிச்சம் இருக்கிற களியைப் பார்த்தால், நாளைக்கு வேலை கம்மி என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடும். அள்ளிக்கொண்டு போய் லட்சுமிக்குப் போட்டுவிடுவேன். இன்னும் ஒரு வாய் என்று ஒரு தடவை கூட நான் கேட்கவில்லை. உன் விலா எலும்பு தெரிய ஆரம்பித்த பிறகும் கேட்கவில்லை. அப்போது நீ செத்துப்போயிருந்தால் பாதிக் கொலை என்னுடையது.

மூன்று வாரம் கழித்து வயிறு ஊதிக் கல்லாக ஆகிவிட்டது. கஞ்சி வாய்வழியே திரும்பி வந்தது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு விழுப்புரம் ஓடினோம். அறுப்பார்கள் என்றுதான் நினைத்தேன். அறுக்கவில்லை. நர்ஸம்மா கதவைச் சாத்திக்கொண்டு, கையுறை மாட்டி, எண்ணெய் தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாக உன்னை லேசாக்கினார். ஒரு காலைப்பொழுது முழுக்க ஆயிற்று. முகம் சுளிக்கவில்லை. வெளியே வந்து என்னைத்தான் திட்டினார். “பட்டினி போட்டா நின்னுடும்னு நெனச்சீங்களா? சாப்பிடாத வயித்துல குடலுக்கு வேலை இல்ல. வேலை இல்லாம தூங்கிடும், உள்ள இருக்கிறது இறுகிப் போவும். கத்தியும் வேணாம், பேதியும் வேணாம். சோறு போடுங்கம்மா. கீரை போடுங்க. தண்ணி குடுங்க. நேரத்துக்கு உக்கார வைங்க. கடிகாரம் போற பக்கம்தான தேய்ச்சீங்க?” என்று கேட்டார். “ஆமாங்க” என்றேன், கூசாமல்.

ஒரு வாரம் கழித்து அனுப்பினார்கள். திண்டிவனம் வரைக்கும் ரயில். விழுப்புரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் உன் கயிற்றுக்கட்டிலை இறக்கிவிட்டு, உன் வீட்டுக்காரர் டிக்கெட் வாங்கப் போனார். நான் பக்கத்தில் இட்லிப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தேன். அதை நீ தொடவில்லை. மல்லாந்து படுத்தபடி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாய். மேலே பெரிய கடிகாரம் தொங்கிக்கொண்டிருந்தது. வண்டி லேட்டு.

நெஞ்சின் மேல் கிடந்த உன் கை மெல்ல வயிற்றுக்கு இறங்கியது. ஆள்காட்டி விரலால் வயிற்றின் மேல் ஒரு வட்டம் போட்டாய். நிறுத்தினாய். கடிகாரத்தைப் பார்த்தாய். மறுபடியும் ஒரு வட்டம்.

“ஏ அலமேலு.”

இரண்டரை வருஷத்துக்குப் பிறகு என் பெயர்.

“இன்னாக்கா?”

“அந்தப் பெரிய முள்ளு எந்தப் பக்கம் போவுது பாரு.”

பார்த்தேன். முள் ஒரு துள்ளு துள்ளி நின்றது.

“உன் கை எந்தப் பக்கம் போச்சு இத்தினி நாளா?”

மடியில் இருந்த கையைத் தூக்கி, கேப்பை எந்திரத்தின் பிடியைப் பிடித்தாற்போல வைத்து, காற்றில் சுற்றினேன். நான் வழக்கமாகச் சுற்றுகிற மாதிரி, இடப்பக்கமாக. முள்ளைப் பார்த்தேன். என் கையைப் பார்த்தேன்.

“அடிப்பாவி! ரெண்டு மாசமா என் வயித்தைப் பின்னாலயே ஓட்டிக்கினு இருந்தியேடி!”

சொல்லிவிட்டுச் சிரித்தாய். கட்டில் ஆடுகிற மாதிரி சிரித்தாய். மூட்டை தூக்குகிறவர் ஒருவர் நின்று நம்மைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து மூக்கு ஒழுகியது.

“நீ கண்ண மூடிக்கினுதான இருந்தே? உனக்கு எப்படித் தெரியும்?”

“மூடினாப்பல இருந்தேன்.”

உன்னை நான் ‘நீ’ என்று சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை. நீ கவனித்தாயா? கவனித்திருப்பாய். ஒன்றும் சொல்லாமல் விட்டாய், அதுதான் உன்னிடம் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை.

தலைகீழாகத் தேய்த்ததால்தான் எல்லாம் வந்தது என்று நான் சொல்லவில்லை. பட்டினியும் சேர்ந்தது, அந்தப் பேதி மாத்திரையும் சேர்ந்தது, நம் இருவருடைய வீம்பும் சேர்ந்தது. பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே கேட்டேன், “ஏன்க்கா சாப்பிட மாட்டேங்கிறே?”

நீ கடிகாரத்தைப் பார்த்தபடியே சொன்னாய். “சாப்பிட்டா வெளிக்குப் போவணும். போவணும்னா உன்னத்தான் கூப்பிடணும். எந்த மூஞ்சிய வச்சிக்கினு கூப்பிடுவேன்? அன்னிக்கு உன்ன விட்டுட்டுப் போனவதான நான்.”

“ஏன் விட்டுட்டுப் போனே?”

“ராத்திரியெல்லாம் வாந்தி எடுத்துக்கினு இருந்தே. அப்பதான் கண்ணு அசந்துது உனக்கு. தூங்கட்டும்னு விட்டேன்.”

“அத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?”

“நீதான் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினே. நான் இன்னாத்துக்குச் சொல்லணும்?”

உண்மையாகவே தூங்கட்டும் என்றுதான் விட்டாயா அக்கா? இல்லை, பிளாட்பாரத்தில் அந்த நிமிஷத்துக்கு ஜோடித்தாயா? நீ நினைத்தால் கண்ணிமைக்காமல் பொய் சொல்லக்கூடியவள், எனக்குத் தெரியாதா. அஞ்சலையைக் கேட்டுப் பார்த்தேன், அவளுக்கு அந்த நாளே ஞாபகம் இல்லையாம். அப்புறம் நானும் விட்டுவிட்டேன்.

“இனிமே கூப்பிடு. வர்றேன்” என்றேன்.

“இங்கயா? அதுக்கு முன்னால அந்த இட்லியக் குடு” என்றாய். மூன்று சாப்பிட்டாய். சாப்பிட்டு முடித்துத்தான் சத்தியம் கேட்டாய். இந்தப் பேச்சு, உன் வயிறு, என் கை, எதுவும் வெளியே போகக் கூடாது, ஊர் சிரிக்கும் என்றாய். யார் மேல் சத்தியம் என்று கேட்டேன். “லட்சுமி மேல பண்ணு. அதுக்குத்தான் எல்லாம் தெரியும்” என்றாய்.

ஒரே நாளில் எல்லாம் நேராகவில்லை. காலையில் கேப்பைக் கூழ், மேலே ஒரு செம்பு வெந்நீர். பிறகு வயிற்றின் வலப்பக்கம் அடியில் ஆரம்பித்து மேலே போய், குறுக்கே போய், இடப்பக்கம் இறங்கித் தேய்க்க வேண்டும். உன் வீட்டுக்காரர் திண்டிவனத்திலிருந்து டைம்பீஸ் வாங்கி வந்தார். என்மேல் நம்பிக்கை இல்லாமல் அதை நீ தொப்புளுக்கு மேலேயே நிறுத்திவைத்து, “முள்ளப் பாத்துக்கினே தேய்” என்பாய். மூன்று வாரத்துக்குப் பிறகு உன் குடலுக்கு நேரம் பிடிபட்டது. அதன் பிறகும் மாம்பழக் காலத்தில் மானம் போனது உண்டு. வாழைத்தண்டும் கீரையும் கிடைக்காத கோடையில் இறுகிப்போனதும் உண்டு. ஆனால் நீ சாப்பிட்டாய். பத்தவில்லை என்று சண்டை போட்டுச் சாப்பிட்டாய்.

அந்த நாற்காலி ஞாபகம் இருக்கிறதா? வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் நடுவே ஓட்டை போட்டு, கொல்லையில் குழி வெட்டி, முருங்கைக்குப் பக்கத்தில் கீற்று மறைப்புக் கட்டினார் உன் வீட்டுக்காரர். “வீட்டோடவே வெளிக்காம்” என்று தெரு சிரித்தது. தனத்தைப் பெண் பார்க்க வந்தபோது, கழுவிக் காயவைத்திருந்த அந்த நாற்காலியை யாரோ கூடத்தில் கொண்டுவந்து போட்டு, மேலே ஜமுக்காளம் மடித்து வைத்திருக்க, மாப்பிள்ளையின் பெரியப்பா அதில் சாய்ந்து உட்கார்ந்து உள்ளே இறங்கிவிட்டார். இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. நீ அதற்குப் பிறகு ஒரு வாரம் சிரித்துக்கொண்டிருந்தாய்.

ஒன்று சொல்ல வேண்டும். உனக்காகக் கட்டின அந்த மறைப்புக்குள் முதலில் திருட்டுத்தனமாகப் போனவள் நான்தான், ஒரு மத்தியானம், வயிற்று வலியில். பட்டப்பகலில் ஒரு பொம்பளை யாருக்கும் காத்திருக்காமல் போய்விட்டு வரலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அப்புறம் அஞ்சலை வந்தாள். இப்போது அங்கே செங்கல் வைத்துக் கட்டிவிட்டோம். தெருப் பெண்கள் நாலைந்து பேர் வருகிறார்கள். யாரும் சிரிப்பதில்லை.

மறைப்பு இருந்தும், வீட்டோடு இருந்தும், எட்டு வருஷமும் காலையில் நீ கேட்டது அதே கேள்விதான். “அலமேலு, வெளிக்கு வர்றியா?” நகரக்கூட முடியாதவள் வெளிக்குக் கூப்பிடுவாய். நானும், “வர்றேன்க்கா” என்று எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வருவேன்.

இதையெல்லாம்தான் கோவிந்தனிடம் சொன்னேன். சுவரைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். பின்னால் ஓட்டின இடம் வந்தபோது அவன் தோள் ஒரு தடவை குலுங்கியது. சொல்லி முடித்துவிட்டு, “சாப்பிட்டா யாரையோ கூப்பிடணும், அதான உனக்குப் பேஜாரா இருக்குது?” என்று கேட்டேன். “தெய்வானையத்தான்” என்றான். “எத்தினி தபா அவளக் கை ஓங்கி அடிச்சிருக்கேன் தெரியுமா? இப்ப அவ கையாலயே...”

“அப்ப கூப்பிடறதுக்கு முன்னால அவகிட்ட வேற ஒண்ணு சொல்லணும் நீ. எங்க அக்கா மாதிரி ரெண்டரை வருஷம் ஆக்காத” என்றேன். தெய்வானை கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். உள்ளே வந்து கஞ்சிக் கிண்ணத்தை வைத்தாள், நகரவில்லை. அவன் திரும்பினான். அவன் ஏதோ சொன்னான், எனக்குக் கேட்கவில்லை, நான் கேட்க வேண்டியதும் இல்லை. அவள் மன்னித்தாளா என்று தெரியாது. அது அவள் இஷ்டம். அரைக் கிண்ணம் குடித்தான், அது எனக்குத் தெரியும்.

வருகிற வெள்ளிக்கிழமை மறுபடியும் போகிறேன். அவர்கள் வீட்டில் கடிகாரம் இல்லை. உன் டைம்பீஸைக் கொடுத்துவிட்டு வரப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதே. பத்து நிமிஷம் பிந்தினாலும் முள் சரியான பக்கம்தான் போகிறது.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். உனக்குச் சிறுநீரில் சீழ் கண்டு காய்ச்சல் வந்த அந்த வாரம், ஆறு நாள் நான் கண் மூடவில்லை. ஏழாம் நாள் விடிகிற நேரத்தில் உன் கட்டில் காலில் தலையைச் சாய்த்தவள் தூங்கிவிட்டேன். விழித்தபோது வெளிச்சம் வந்திருந்தது. நீ போய்விட்டிருந்தாய். உன்னைக் குளிப்பாட்டும்போது என் கை உன் வயிற்றின் மேல் தானாக வட்டம் போட்டதாம். “போதும் அலமேலு, போதும்” என்று அஞ்சலைதான் கையைப் பிடித்துக்கொண்டாள்.

என்னைக் கூப்பிடாமல் நீ போனது இது இரண்டாவது தடவை. இந்தத் தடவையும் தூங்கட்டும் என்றுதான் விட்டாயா, அக்கா?

நீ எதைச் சொன்னாலும் நம்பிக்கொள்கிறேன். லட்சுமியும் இப்போது இல்லை, அதனால் நேராக உன்னிடமே சத்தியம் செய்கிறேன். இந்தத் தடவை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். உன்னோடு பேச்சை நிறுத்த மாட்டேன்.

விழித்துக்கொண்டே இருக்கும்,
உன் ஓரகத்தி,
அலமேலு